மாதாவுக்குப் பின்னால் ஒரு குடித்தனம்

சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். மூன்று தெரு தள்ளியிருக்கும் பிலோமினா அக்கா வீட்டிலிருந்து மாதா சுருவத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் இறக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் மாதாவுக்குரிய மாதம். லண்டனில் ஹரோ, வெம்பிளிப் பக்கம் இருக்கிற எங்கள் கத்தோலிக்க ஆட்கள் ஒரு சுருவத்தை, அதாவது சிலையை, கிழமைக்கு ஒரு வீடாக ஏழு நாளுக்குக் கொண்டுபோய் வைத்துச் செபமாலை சொல்லுவோம். பின்னேரம் ஆறரைக்கு ஆட்கள் வருவார்கள். செபமாலை, பிரார்த்தனை, இரண்டு பாட்டு. பிறகு தேத்தண்ணி, கட்லட். கிழமை முடிய மாதா அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

யார் வீட்டுக்கு எப்போது என்று தீர்மானிப்பவர் பிலோமினா அக்கா. எங்கள் முறை வருவதற்கு என் மனுசி மெற்றில்டா மூன்று வருடம் காத்திருந்தாள்.

இதில் ஒரு சிக்கல். மாதா வருகிற வீட்டில் முன் அறை டிவியை வெள்ளைத் துணியால் மூடி, அதற்கு முன்னால் மேசை போட்டுத்தான் சுருவத்தை வைப்பார்கள். அந்தத் துணியை ஒரு கிழமைக்கு ஒருவரும் தொடக்கூடாது.

அந்தப் புதன்கிழமை கால்பந்து இறுதியாட்டம்.

நான் ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. "மெற்றில்டா, முன் அறை சின்னன். சனம் நெருக்குப்படும். பின் தோட்டத்தில ஒரு கெபி கட்டி வைப்பமே? லூர்து மாதா குகைக்குள்ள நிக்கிற மாதிரி" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்ப தொடக்கம் இவ்வளவு பக்தி?"

"வயசு போகுதெல்லே."

"ம்" என்றாள். கலியாணம் கட்டிய இத்தனை வருடத்தில் அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று நான் கண்டுபிடித்ததே இல்லை.

தோட்டத்தில் ஒரு பழைய அலுமாரி நின்றது. கவுன்சில்காரர் வந்து எடுத்துப் போவார்கள் என்று வெளியே போட்டு, அவர்களும் வராமல் நாங்களும் மறந்து கிடந்தது. கதவைக் கழற்றினேன். பழுப்புக் கடதாசியைக் கசக்கி உள்ளுக்கும் வெளிக்கும் ஒட்டி, கறுப்பும் சாம்பல் நிறமும் தெளித்தேன். வருடா வருடம் டிசம்பரில் நத்தாருக்கு இயேசு பாலன் குடில் கட்டுகிற கைகள்! தள்ளி நின்று பார்த்தால் மலைக்குகை. கிட்டப் போனால்தான் அலுமாரி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். குகை என்றால் பாசி வேண்டாமா என்று கராஜ் கூரையிலிருந்து பாசி சுரண்டி வந்து உள்ளே பரப்பினேன். மூலையில் காய்ந்த சருகு. பூத்தொட்டியிலிருந்த தென்னந்தும்பையும் பிய்த்துத் தூவினேன். சுருவத்தை நடுவில் நிறுத்தி, பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டேன்.

பிலோமினா அக்கா வந்து பார்த்துவிட்டு, "தம்பி, அச்சொட்டா லூர்து!" என்றார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள் பின்னேரம், செபமாலை நடுவில், ஒரு சின்னக் குருவி பறந்து வந்து மாதாவின் முடியில் உட்கார்ந்தது. மண்ணிற முதுகு. நெஞ்சு மட்டும் செம்மஞ்சள். வாயில் ஒரு காய்ந்த இலை.

பிலோமினா அக்கா செபமாலை தொடங்கினால் இடையில் நிறுத்துகிற ஆள் இல்லை. ஒருமுறை நெருப்பு அலாரம் அடித்தபோதும் ஒரு மணி தவறவிடாமல் சொல்லிக்கொண்டே வாசலுக்கு நடந்தவர். அவரே "அருள் நிறைந்த..." என்பதோடு நின்றுவிட்டார்.

குருவி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தது. பிறகு மாதாவின் முதுகுப் பக்கம் குதித்து மறைந்தது. வெளியே வந்தபோது வாயில் இலை இல்லை. திரும்பிப் போய் இன்னொன்று கொண்டு வந்தது.

"என்ன குருவி தம்பி உது?" என்று பிலோமினா அக்கா என்னைக் கேட்டார்.

பறவைகளில் எனக்குத் தெரிந்தது மூன்று. காகம், மைனா, மாம்பழக்குருவி. இது காகம் இல்லை. மைனாவும் இல்லை. தெரியாது என்று சொல்லிப் பழகாத வாய் என்னுடையது.

"மாம்பழக்குருவி அக்கா" என்றேன்.

"அது நல்ல மஞ்சளெல்லே? தலை கறுப்பாயெல்லே இருக்கும்?"

"இது கொஞ்சம் கூடப் பழுத்திட்டுது."

நான் பகிடியாகத்தான் சொன்னேன். ஆனால் பிலோமினா அக்கா பகிடியை வட்ஸ்அப்பில் போடுகிறவர் இல்லை. செய்தியை மட்டும்தான் போடுவார். விடிவதற்குள் வடக்கு லண்டன் முழுக்கச் செய்தி போய்விட்டது. ஊரிலிருந்து ஒரு மாம்பழக்குருவி ஹரோவுக்கு வந்து மாதாவின் காலடியில் கூடு கட்டுகிறது. புதுமை! மாதாவின் அற்புதம்!

புதன்கிழமை பின்னேரம் தெருவில் கார் விட இடமில்லை. வழக்கமாக வருகிற ஆட்களைப் போல மூன்று மடங்கு சனம். புல்லில் நின்றார்கள், கராஜ் வாசலில் நின்றார்கள், சமையலறை ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள். லண்டனின் மறுகோடியிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். இறங்கியதும் கேட்டார்.

"எங்க மாம்பழக்குருவி?"

காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அண்ணை, இது கிறிஸ்மஸ் கார்ட்டில வாற குருவியெல்லே?"

"ஓம், அதுவும் இதுதான்" என்றேன்.

"இதைப் பாக்கவோ லண்டனைச் சுத்தி வந்தனாங்கள்?" என்றார். கோபத்தில் நாலு கட்லட் எடுத்தார்.

மெற்றில்டா மூன்று தரம் கட்லட் பொரித்தாள். நான் மூன்று தரம் உருளைக்கிழங்கு உரித்தேன். கடைசிக் கார் போகும்போது ஆட்டமும் முடிந்து, தெருமுனைப் பப்பில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். யார் வென்றது என்று கேட்கவும் எனக்குத் தெம்பில்லை. உள்ளே துணி மூடாத டிவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலையில் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு டெரிக் தலையை நீட்டினார். ஓய்வுபெற்ற மனிதர். தோட்டம் முழுக்கக் குருவிகளுக்குப் பெட்டி அடித்து வைத்திருப்பவர். காசு கொடுத்துப் புழு வாங்கிப் போடுகிறவர். கும்பல் கூடிப் பாடியதைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன்.

"பாட்டு நன்றாக இருந்தது. அந்த ராபினைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்றார்.

உள்ளே வந்தார். குனிந்து, போன் வெளிச்சத்தில் மாதாவின் பின்பக்கம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வாடியிருந்தது.

"ஐந்து வருடமாக என் பெட்டிக்கு வரும் என்று காத்திருக்கிறேன். புழுவை என்னிடம் தின்றுவிட்டு இங்கே வந்திருக்கிறது. இந்தப் பாசி, சருகு, தும்பு எல்லாம் நீங்கள் வைத்ததா?"

"ஓம்."

"வீட்டையும் கொடுத்து, கட்டடச் சாமானையும் வாசலில் இறக்கியிருக்கிறீர்கள்" என்றார். பிறகுதான் குண்டைப் போட்டார். முதல் முட்டை இட்டாயிற்று. இனி அந்தக் கூட்டைக் கலைப்பது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். குஞ்சு பொரித்துப் பறந்து போகும்வரை தொடக்கூடாது.

"எவ்வளவு காலம்?"

"ஒரு மாதம் என்று வையுங்கள்."

"சிலையை மட்டும் மெதுவாக எடுத்தால்?"

"கூடே சிலையின் முதுகில்தான் சாய்ந்திருக்கிறது. எடுத்தால் எல்லாம் சரிந்துவிடும்."

ஓடிப்போய்ச் சமையலறைக் கலண்டரைப் பார்த்தேன். சட்டத்துக்குப் பயந்து இல்லை. சனிக்கிழமை அந்தச் சுருவம் கிறிஸ்ரி அண்ணை வீட்டுக்குப் போக வேண்டும்.

கிறிஸ்ரி அண்ணை வெம்பிளியில் இருக்கிறார். வான் ஓட்டுகிறவர். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார், குரல் அதைவிடப் பெரிது. அவருடைய மனுசி ராணி அக்காவுக்கு வருகிற செவ்வாய்க்கிழமை இருதய ஒப்பரேஷன். பயத்தில் ராணி அக்காவுக்குச் சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாதா வீட்டில் இருந்தால் போதும், தைரியமாகப் போவேன் என்று பிலோமினா அக்காவிடம் அழுது அந்தக் கிழமையைக் கேட்டு வாங்கியிருந்தார். கிறிஸ்ரி அண்ணை அறைக்குப் புதுப் பெயின்ற் அடித்து, புதுத் திரையும் போட்டுவிட்டார்.

அந்த மனுசியின் தைரியத்தை ஒரு பந்து விளையாட்டுக்காகப் பணயம் வைத்திருக்கிறேன் என்று நினைக்க எனக்கே என்மீது அருவருப்பாக இருந்தது.

"உடன போன் பண்ணிச் சொல்லுங்கோ" என்றாள் மெற்றில்டா.

எடுத்தேன்.

"என்ன தம்பி, சனிக்கிழமை எத்தினை மணிக்கு வரட்டும்? ராணி இப்பவே சீலை எடுத்து வைச்சிட்டா!"

"பத்து மணிக்கு வாங்கோ அண்ணை" என்றேன்.

போனை வைத்ததும் மெற்றில்டா கேட்டாள். "சொல்லிப்போட்டீங்களோ?"

"ஓம்."

"என்ன சொன்னவர்?"

"பத்து மணிக்கு வாறாராம்."

சனிக்கிழமை பத்து மணிக்கு வான் வந்து நின்றது. பின்னால் கம்பளி, கயிறு, சுருவத்துக்கு அணைகொடுக்க நாலு தலையணை. முன் சீட்டில் ராணி அக்கா, பூசைக்குக் கட்டுகிற சீலையில். முகம் வெளிறிப்போயிருந்தது. பிலோமினா அக்காவும் வழியனுப்ப வந்துவிட்டார். வேலிக்கு மேல் டெரிக்கின் தொப்பி தெரிந்தது.

முதலில் தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடித்ததும் இன்னொரு தேத்தண்ணி கொடுத்தேன். மூன்றாவதைக் கொண்டு வரும்போது கிறிஸ்ரி அண்ணை எழும்பிவிட்டார்.

"தம்பி, நாங்கள் தேத்தண்ணி குடிக்கவோ வந்தனாங்கள்?"

இனித் தப்ப வழியில்லை. தோட்டத்தில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கூடு, முட்டை, சட்டம், மாதாவின் முதுகு. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கழுத்து நரம்பு மெல்ல மெல்லப் புடைத்தது.

"உமக்கு என்ன விசரே? உள்ளங்கை அளவு குருவி! அதுக்காக என்ர மனிசி மாதா இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போறதோ?"

"கிறிஸ்ரி, இது புதுமை. சுருவம் அசையப்படாது" என்றார் பிலோமினா அக்கா.

"அக்கா, நீங்கள் சும்மா இருங்கோ! ஏன் தம்பி, உலகத்தில எல்லாரும் சுருவத்தை வீட்டுக்குள்ளதானே வைக்கிறவை. உம்மை ஆர் கொண்டுபோய் வெளியில வைக்கச் சொன்னது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாதாவைப் பார்த்தேன்.

"புதன்கிழமை பந்து மட்ச் அண்ணை" என்றாள் மெற்றில்டா. "டிவியை மூடேலாதெண்டு வெளியில வைச்சவர்."

அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது! இத்தனை நாளும் ஒன்றும் தெரியாதவள் போலக் கட்லட் பொரித்திருக்கிறாள்.

கிறிஸ்ரி அண்ணை சட்டைக் கையை மடித்துவிட்டு நேரே கெபிக்குள் தலையை விட்டார். சுருவத்தைத் தூக்க இரண்டு கையையும் நீட்டினார். டெரிக் வேலிக்கு மேலால் "நோ, நோ!" என்றார்.

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

"தம்பி" என்றார் உள்ளிருந்து. அவருடைய குரல் அவ்வளவு சின்னதாக வரும் என்று எனக்குத் தெரியாது. "இது என்னைப் பார்க்குது."

"ஓம் அண்ணை."

"பறக்கேல்லை. முட்டைக்கு மேல அப்பிடியே இருக்குது."

"ஓம் அண்ணை."

"விலத்துங்கோ, நானும் பாக்கிறன்." ராணி அக்கா நடந்து வந்தார். நாலு அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கித்தான் வந்தார். கிறிஸ்ரி அண்ணை அவர் தோளைப் பிடித்துக்கொள்ள, குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"செவ்வாய்க்கிழமை என்ர நெஞ்சைத் திறக்கப் போகினம் எண்டு நான் நடுங்கிக்கொண்டு கிடக்கிறன்" என்றார் கடைசியில். "இவவைப் பாருங்கோ. இந்தப் பெரிய மனிசன் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறார். ஒரு இறகு அசையேல்லை."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. கிறிஸ்ரி அண்ணை வேலிப் பக்கம் திரும்பினார். அங்கே டெரிக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கும் அழுகை வந்தது. நான் அழுதால் மெற்றில்டா நம்பமாட்டாள் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

"மாதா இஞ்சயே நிக்கட்டும். நான் வாறன்" என்றார் ராணி அக்கா.

"எங்க வாறீர்?" என்றார் கிறிஸ்ரி அண்ணை.

"இஞ்சதான். செவ்வாய் வரைக்கும் மெற்றில்டாவோட நிக்கிறன். அந்தக் குருவிக்கு இடம் மாறேலாது. எனக்கு ஏலும்தானே?"

"ஓம் அக்கா, வாங்கோ!" என்றாள் மெற்றில்டா. வீட்டுக்காரன் என்று ஒருவன் பக்கத்தில் நிற்கிறானே என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சுருவத்துக்கு என்று கொண்டு வந்த நாலு தலையணையும் ராணி அக்காவுக்குப் போயின. தோட்டம் தெரியும்படி அவருக்கு ஒரு சோபாவைத் திருப்பிப் போட்டோம். அவர் காலை முழுக்கக் குருவியைப் பார்த்தார், மத்தியானம் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டார். பல நாளைக்குப் பிறகு அவர் சாப்பிட்ட முதல் தட்டுச் சோறு என்று கிறிஸ்ரி அண்ணை என்னிடம் வந்து சொன்னார். காலையில் விசரா என்று கேட்ட அதே குரலில்தான் சொன்னார். அவரிடம் இருப்பது அந்த ஒரு குரல்தான்.

செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டிலிருந்துதான் ராணி அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனார். போகும்முன் கெபிக்குப் போய், "போயிட்டு வாறன்" என்றார். மாதாவிடம் சொன்னாரா, குருவியிடம் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அன்று நான் லீவு போட்டேன். நான் பெரிய செபக்காரன் இல்லை. ஆனாலும் தோட்டத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து செபமாலையை மூன்று தரம் சொன்னேன். இரண்டாவது தரத்தில் டெரிக் தன் கதிரையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தமிழ் தெரியாது. ஒரு கிழமையாக வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டதில் "ஆமென்" எங்கே வரும் என்று சரியாகப் பிடித்து வைத்திருந்தார்.

பின்னேரம் போன் அடித்தது. எடுத்தால் கிறிஸ்ரி அண்ணையின் மூச்சு மட்டும் கேட்டது.

"தம்பி... நல்லபடியா முடிஞ்சுது. கண் முழிச்சிட்டா. முதல் கேள்வி, குருவி இருக்கோ எண்டு."

"இருக்கு அண்ணை! இருக்கு!" என்று கத்தினேன். குருவி திடுக்கிட்டுப் பறந்துபோய், பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தது. டெரிக் என்னை முறைத்தார்.

அதன் பிறகு மாதா நகரவே இல்லை. மிச்ச வீடுகளின் முறையெல்லாம் எங்கள் தோட்டத்திலேயே நடந்தது. மே முடிந்தும் சனம் வந்தது. குஞ்சு பொரித்ததும் இன்னும் கூட வந்தது. தாய்க்குருவி புழுவோடு வருகிறபோதெல்லாம் பிலோமினா அக்கா செபத்தை நிறுத்தி வழிவிட்டார். நான் எங்கள் தெருவில் உருளைக்கிழங்கு மூட்டையாக வாங்குகிற ஒரே மனிதன் ஆனேன்.

குஞ்சுகள் பறக்கிறதைப் பார்க்க எல்லோரும் ஆவலாக இருந்தோம். அவை எங்களுக்குச் சொல்லாமல் ஒரு விடியற்காலை போய்விட்டன. வெறும் கூடு மட்டும் இருந்தது. டெரிக் ஒரு கிழமை காத்திருந்து, இனித் திரும்பி வராது என்று நிச்சயமான பிறகுதான் சுருவத்தைத் தொட விட்டார்.

ஒருவழியாக மாதா வெம்பிளிக்குப் போனார். நானே மடியில் வைத்துக்கொண்டு போனேன். புதுப் பெயின்ற், புதுத் திரை, டிவிக்கு மேல் வெள்ளைத் துணி. ராணி அக்கா தேறி, முகத்தில் இரத்தம் ஏறி உட்கார்ந்திருந்தார். சுருவத்தை மேசையில் நிறுத்தினோம். எல்லோரும் கைகூப்பினோம்.

ராணி அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். எழும்பி, மாதாவின் பின்பக்கமும் போய்ப் பார்த்தார்.

"மாதா வந்தது பெரிய சந்தோசம்" என்றார். "ஆனா, அந்தக் குருவி இல்லாமல் என்னவோ மாதிரிக் கிடக்கு."

கிறிஸ்ரி அண்ணை என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார், அதாவது பக்கத்து வீட்டுக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு.

"தம்பி, அந்தக் குருவியை இஞ்சால் பக்கம் ஒருக்கா வரச் சொல்ல ஏலாதோ?"

கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.